ரெண்டு ஹாரன்

வனவிலங்குப் பூங்காவில் சிங்கம் யாரோ ஒருவருடைய விரலைக் கடித்துத் தின்றுவிட்டதாம். இந்தச் செய்தி என் அக்காவிடம் வந்து சேர்வதற்குள் பல வாய் மாறியிருந்தது. பூங்காவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் டீசல் போடும் இடத்தில் சொல்ல, அங்கே நின்றவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநரிடம் சொல்ல, ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்தபடியே அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா உடனே எனக்கு ஃபோன் செய்தாள்.

"கேட்டியாடா சேதிய? விரல் போச்சாம்."

"யாருக்கு?"

"யாருக்கா இருந்தா என்ன? நாளைக்கு நம்ம பூனைக்குப் போகும்."

பூனை அக்காவின் ஒரே மகள். தெருவில் கத்திக்கொண்டு கிடந்த குட்டிகளையெல்லாம் சட்டைக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டம், அவள் படித்து முடித்து வேலைக்கு அலையும் வயதிலும் உதிரவில்லை. படித்தது விலங்குப் பராமரிப்பு. அந்தப் பூங்காவிலேயே மான் கொட்டடியில் கொஞ்ச காலம் தற்காலிகமாக இருந்தாள். இப்போது சிங்கப் பிரிவில் ஒரு நிரந்தர வேலை காலி. நேர்காணல் முடிந்துவிட்டது. பிரிவின் மேற்பார்வையாளர் ஒரு பெண்மணி. அவர் கடைசியாக ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: "வீட்டில தினம் அழுகுற ஆளுங்களை வச்சுக்கிட்டு இந்த வேலையில நிலைக்க முடியாதும்மா. சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டு வா, ஒரு தடவை பாக்கட்டும். அன்னைக்குச் சாயங்காலமே உனக்கு ஃபோன் பண்ணி முடிவைச் சொல்லிடறேன்."

இப்படியாகத்தான் எங்கள் குடும்பச் சுற்றுலா முடிவாயிற்று. என் விடுமுறையும் அந்த வாரத்தில் வந்து விழுந்தது. நான் வேறொரு நாட்டில், கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே, திரையைப் பார்த்துப் பிழைக்கிறவன். அங்கே இருந்துகொண்டு கேட்கிற வீட்டுச் செய்தி எதுவும் அதன் சொந்த அளவில் என் காதில் விழுவதில்லை. தலைவலி என்றால் மூளையில் கட்டி என்றுதான் கேட்கும். ஆனால் இந்த முறை என்னை மிஞ்சிவிட்டார்கள். நான் விமானம் ஏறி இறங்குவதற்குள் அந்த விரல் மணிக்கட்டு வரை போயிருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. பிள்ளைகள் 'பஸ் ஆன்ட்டி' என்பார்கள். பிறகு ஆசிரியர்கள் சொன்னார்கள், காய்கறிக் கடைக்காரர் சொன்னார், இப்போது அத்தானே சில சமயம் சொல்கிறார். கதவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒற்றை இருக்கை உண்டு. அதில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஒருவனுடைய மூக்கைத் துடைப்பாள், இன்னொருத்தியின் சண்டையைப் பிரிப்பாள், ஜன்னலுக்கு வெளியே நீளும் கைகளை உள்ளே தள்ளுவாள். வண்டிக்குள் பிள்ளைகள் போடுகிற இரைச்சலில் ஓட்டுநர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது என்பதால் அவர்கள் இருவருக்கும் ஓர் ஏற்பாடு. நிறுத்தத்தில் வண்டி நின்று, சாலை பத்திரமாக இருந்தால் ஓட்டுநர் ரெண்டு தடவை ஹாரனைத் தட்டுவார். அக்கா கதவைத் திறப்பாள். ஹாரன் கேட்காமல் கதவு திறக்காது. கேட்டபின் திறக்காமல் இருந்ததும் கிடையாது.

இந்த வேலை அவளுடைய எலும்புக்குள் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ரெண்டு தடவை ஹாரன் அடித்தால், அக்கா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து எங்கள் வீட்டு வாசல் கேட்டைத் திறந்துவிட்டு, "ஏன் திறந்தேன்?" என்று எங்களையே கேட்பாள். எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் கடைசி வரிசை வரை போய்க் குனிந்து பார்ப்பாள். பிள்ளை எதுவும் தூங்கிக் கிடக்கிறதா என்று. சினிமாக் கொட்டகையிலும் அப்படித்தான். என் கல்யாணத்தன்று எல்லோரும் போனபின் மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால் ஒருவரைக் கண்டுபிடித்து எழுப்பினாள். படம் எடுக்க வந்தவர்.

சனிக்கிழமை காலை அத்தானுடைய பழைய காரில் கிளம்பினோம். அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை அரைத்துப் பொருத்துகிறவர். எதையும் நிதானமாகச் செய்வார், பேச்சு உள்பட. அக்கா முன்னிருக்கையில் ஏறி, எங்கள் கதவுகளையெல்லாம் கை நீட்டி இழுத்துப் பார்த்து, தலைகளை எண்ணினாள்.

"மூணு பேர். சரி, எடுங்க."

"நாலு பேர்மா," என்றாள் பூனை.

"நான் எங்க போயிடப் போறேன்?"

எப்போதும் இதுதான். எண்ணிக்கையில் அவள் தன்னைச் சேர்த்துக்கொண்டதே இல்லை.

கார் ஊரைத் தாண்டியதும் அக்கா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். "இப்பவே சொல்லிடறேன். நான் பாக்கத்தான் வரேன். ஒரு ஓட்டை, ஒரு உடைசல் என் கண்ணுல பட்டுச்சு, சாயங்காலம் அந்த ஃபோன் வரும்போது நானே எடுத்து 'எங்க பொண்ணு வரமாட்டா'ன்னு சொல்லிடுவேன்."

"சொல்லு. உன் குரலைக் கேட்டா சிங்கமே ராஜினாமா பண்ணிடும்."

"சிரிக்காதடி. விரல் போனவங்க வீட்டில யாராவது சிரிச்சிருப்பாங்களா?"

"விரலா? நேத்து கைன்னியே?" என்றார் அத்தான்.

"நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

பூனை என் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில், "மாமா, இது கிடைக்கலன்னா எனக்கு வேற எங்கயும் போகத் தோணாது. அம்மாகிட்ட சொல்லாதீங்க," என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய முழங்கால் வழி முழுக்க ஆடிக்கொண்டே வந்தது.

பூங்காவில் அக்கா விலங்குகளைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அவள் பார்த்தது வேலிகளை. மான் கொட்டடியின் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். நீர்யானைக் குளத்தின் கைப்பிடிச் சுவர் தன் இடுப்புக்கு மேலே வருகிறதா என்று ஒட்டி நின்று அளந்தாள். நீர்யானை வாயைப் பிளந்தபோது கூட்டமே கூவியது. அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் ஈரமாக இருந்த ஓர் இடத்தைக் காலால் தேய்த்து, வழுக்குமா என்று சோதித்துக்கொண்டிருந்தாள். கழுதைப்புலிக் கூண்டின் பின்பக்கம் பராமரிப்பாளர்கள் போகிற வழியில் இரட்டைக் கதவு. ஒன்று மூடினால்தான் அடுத்தது திறக்கும் என்று பூனை விளக்கினாள்.

"ரெண்டும் ஒரே நேரத்துல திறக்காதா?"

"திறக்கவே திறக்காதும்மா."

"ம்," என்றாள் அக்கா. அந்த 'ம்'மில் ஏமாற்றம் இருந்தது. ஒரு குறையும் அகப்படவில்லை. அது அவளை இன்னும் அலைக்கழித்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து எங்கள் மூவருக்கும் கொடுத்துவிட்டு, தான் நின்றுகொண்டே ரெண்டு வாய் சாப்பிட்டாள். "உக்காருக்கா," என்றேன். "உக்காந்துதானே இருக்கேன்," என்று நின்றபடியே சொன்னாள்.

பிற்பகலில் சிங்கங்களைப் பார்க்கப் போகிற பஸ். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி வலை, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற ஒரே கதவு. வாசலில் நின்று எங்களை வரவேற்றவர் அந்த மேற்பார்வையாளர்தான். பூனையின் தோளைத் தட்டி, "இவங்கதான் அம்மாவா?" என்று கேட்டுக் கை நீட்டினார். இடது கை. வலது கையில் ஆள்காட்டி விரல் முழுக்கப் பெரிய கட்டு.

அக்கா கைகொடுத்த வேகத்தில் பின்வாங்கி, என் முழங்கையைக் கிள்ளினாள். "பாத்தியா? பாத்தியாடா? நான் சொன்னேனா இல்லையா?"

"கேட்டுடலாமே."

"முகத்துக்கு நேரா எப்படிடா கேக்கிறது, 'மிச்சம் எவ்வளவு இருக்கு'ன்னா?"

எல்லோரும் ஏறியதும் மேற்பார்வையாளர் கட்டுப் போட்ட கையை ஒதுக்கிக்கொண்டு மறு கையால் கதவை இழுத்தார். அக்காவின் கண் அங்கேயேதான் இருந்தது.

"மேடம், கொண்டி பாதிதான் விழுந்திருக்கு."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து போய், கதவை லேசாகத் தூக்கி, உள்ளங்கையால் கொண்டியை அழுத்தி, தொங்கிக்கொண்டிருந்த பூட்டு ஊசியையும் அதன் துளைக்குள் போட்டாள். 'டக்'கென்று சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல கைம்மா உங்களுக்கு. இங்கயே உக்காருங்க. இது என் சீட்டுதான், நான் நின்னுக்கிட்டுத்தான் பேசுவேன்."

கதவுக்குப் பக்கத்தில் ஒற்றை இருக்கை. அக்கா உட்கார்ந்தாள். பின்னாலேயே பூனை, அவளுக்குப் பக்கத்தில் நான். அத்தான் எங்களுக்குப் பின்னால். பூனையின் முகம் சிவந்திருந்தது. காலையிலிருந்து முதல்முறையாக அவள் முழங்கால் ஆடவில்லை.

முதல் கேட் திறந்து, மூடி, இரண்டாவது கேட் திறந்தது. உள்ளே உயர்ந்த காய்ந்த புல், நடுவில் மண்சாலை. மேற்பார்வையாளர் பேசிக்கொண்டே வந்தார். எந்தச் சிங்கம் யாருக்குப் பிறந்தது, எது எதோடு பேசுவதில்லை என்றெல்லாம் சம்பந்தி வீட்டுக் கதை மாதிரி சொன்னார். பஸ்ஸில் நிறையப் பிள்ளைகள். ஒன்று அழுதது, ஒன்று பாடியது, ஒன்று தன் செருப்பைக் கழற்றி எறிந்தது. அக்கா மெல்லத் திரும்பி அந்தச் செருப்பை எடுத்து, சரியான காலில் மாட்டிவிட்டாள். எனக்கு இப்போது யோசித்தால் தெரிகிறது, அவள் அந்த நேரத்தில் பூங்காவில் இல்லை. தன் பஸ்ஸில் இருந்தாள்.

திருப்பத்தில் வண்டி நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டி, யார் வீட்டுத் திருமணமோ என்பதுபோல். ஓட்டுநர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு, நகரட்டுமே என்று ரெண்டு தடவை ஹாரனைத் தட்டினார்.

அக்கா எழுந்தாள். ஊசியை உருவினாள். கொண்டியைத் தூக்கினாள். கதவை ஒரே வீச்சில் பாதிக்கு மேல் தள்ளித் திறந்துவிட்டு, வெளியே பார்க்காமலே, பிள்ளைகளைப் பார்த்து, "பாத்து இறங்குங்க, ஒவ்வொருத்தரா," என்றாள்.

அவள் குரலில் இருந்த அதிகாரத்துக்கு, நடு வரிசையில் ஒரு பெரியவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

வெயிலும் புல்வாடையும் வேறு ஏதோ ஒரு வாடையும் உள்ளே வந்தன. சிங்கம் தலையைத் தூக்கியது. சத்தம் வந்த திசையை அல்ல, திறந்த இடத்தை நேராகப் பார்த்தது. பஸ்ஸுக்குள் அழுத பிள்ளைகூட நிறுத்திவிட்டது. அக்காவின் கை கைப்பிடியிலேயே இருந்தது. தன் கை என்ன செய்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்த நொடியை நான் அவள் பிடரியில் பார்த்தேன். இரண்டு மொழியில் படித்தவன் நான், எனக்கு ஒன்றில்கூட ஒரு சொல் வரவில்லை.

பூனைதான் பேசினாள். எழவில்லை. தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல் பேசினாள்.

"அம்மா. என் பக்கம் திரும்பாத. கை அங்கயே இருக்கட்டும். இப்ப இழு. மெதுவா. இன்னும் மெதுவா. அவ்வளவுதான்."

கதவு நகர்ந்தது. சிங்கம் முன்னங்கால்களை ஊன்றியது. கதவு மூடிக்கொண்டது. பூனை அம்மாவின் அக்குளுக்குக் கீழே கையை விட்டுக் கொண்டியை அழுத்தினாள். ஊசி அக்காவின் மற்றொரு கையில் இருந்தது. அந்த விரல்களைப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. வெளியே சிங்கம் எழுந்து, உடம்பை நீட்டிக் கொட்டாவி விட்டுப் புல்லுக்குள் போயிற்று.

ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "அம்மா, இங்க ஸ்டாப்பிங் இல்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. கதவுக்கும் அக்காவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "வலது பக்கம் பாருங்க," என்று வேறொரு குரலில் தொடர்ந்தார்.

வண்டி வெளியே வந்து நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். அக்கா கடைசி இருக்கை வரை போய்ப் பார்க்கவில்லை. அவள் பார்க்காமல் இறங்கிய முதல் வண்டி அதுவாகத்தான் இருக்கும். மேற்பார்வையாளர் பூனையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியே அழைத்துப் போனார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அவர் பேசுவதும் பூனை தலையாட்டுவதும் மட்டும் தெரிந்தது.

"என்ன சொல்றாங்கடா?"

"தெரியலக்கா."

"தலையாட்டுறாளே, அது ஆமாங்கிற தலையா, சரி பரவாயில்லங்கிற தலையா?"

"ரெண்டும் ஒரே தலைதான்," என்றார் அத்தான். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. விறுவிறுவென்று போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், தப்பு என்னோடது. ஹாரன் கேட்டா என் கை தானா போயிடும், அது வேலைப் பழக்கம். பொண்ணு மேல வச்சுடாதீங்க. அவ அப்படி இல்ல."

"நான் இன்னும் எதையும் சொல்லலம்மா. சாயங்காலம் ஃபோன் பண்றேன்னு சொன்னேன். சொன்னபடி பண்ணுவேன்."

"என்னன்னு பண்ணுவீங்க?"

"அம்மா!" என்றாள் பூனை.

அக்காவின் கண் கட்டுப்போட்ட விரலுக்குப் போயிற்று. இனிமேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, கேட்டே விட்டாள். "அது சிங்கமா?"

"இதுவா? கதவு. கூண்டுக் கதவை அவசரமா இழுத்து நானே நசுக்கிக்கிட்டேன். நகம் போச்சு, விரல் இருக்கு. ஏன், வெளியில என்ன பேசிக்கிறாங்க?"

"ஒண்ணும் பேசிக்கல," என்றாள் அக்கா.

திரும்பும் வழியில் அவள் பின்னிருக்கையில் மகளோடு உட்கார்ந்தாள். தலைகளை எண்ணவில்லை. "நீ பயப்படலையாடி?" என்றாள்.

"பயந்தேன். அதான் மெதுவா பேசினேன். கத்தினா நீ திரும்புவ, நீ திரும்பினா கை கதவை விட்டுடும்."

அக்கா தன் வலது கையை மடியில் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்தாள். பிறகு, "ஃபோன் வரும்ல?" என்றாள்.

அத்தான் சாலையைப் பார்த்தபடியே, "வந்தா நீதானே எடுத்து வேண்டாம்னு சொல்லப்போற? அவங்களே சொல்லிட்டா உனக்கு வேலை மிச்சம்," என்றார்.

"நான் வேண்டாம்னு சொல்றது வேற. அவங்க வேண்டாம்னு சொல்றது வேற. அதுவும் என்னால." என்றாள் அக்கா. பூனை அம்மாவின் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது. இருவர் கையும் அதோடு சேர்ந்து ஆடியது.

வீட்டுக்கு வந்ததும் பூனை ஃபோனைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். அக்கா துடைத்த அடுப்பைத் துடைத்தாள். மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். இருட்டத் தொடங்கியது. அத்தான் விளக்கைப் போட்டார். எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள் வந்து ரெண்டு தடவை ஹாரன் அடித்தது. அக்கா அசையவில்லை. மேசையின் விளிம்பை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போ, சிங்கமா இருக்கும், திறந்து விடு," என்றார் அத்தான்.

துண்டு பறந்து வந்து அவர் முகத்தில் விழுந்தது. பூனை சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது. "நான் குளிச்சுட்டு வரேன். உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சிடும்," என்று எழுந்து போனாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அதற்காகவே காத்திருந்ததுபோல் ஃபோன் அடித்தது. திரையில் பூங்காவின் பெயர்.

முதலில் போனது அக்காவின் கைதான். பாதி வழியில் அதை அவளே மற்ற கையால் பிடித்து இழுத்து, இரண்டையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"யாரும் தொடக் கூடாது," என்றாள். குளியலறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏய் பூனை! ஃபோன்! அவங்கதான்!"

தண்ணீர் நின்றது. "நீ எடும்மா!"

"நான் எடுக்க மாட்டேன். நீ வா."

"தலையெல்லாம் சோப்பு! எடும்மா, நின்னுடப் போகுது!"

"சோப்போட வா. உன் ஃபோன் நீதான் எடுக்கணும்."

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது. தாழ்ப்பாளை ஈரக்கை தேடும் சத்தம். அக்கா மேசையைச் சுற்றி வந்து, குளியலறைக் கதவுக்கும் ஃபோனுக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல் நின்றாள். அத்தான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். மேசைமேல் ஃபோன் அடித்தபடியே அதிர்ந்து அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.